சரக்குப் படகில் கணப்பு

லண்டனின் வடமேற்கே ஆல்பர்டன். அங்கே ஈலிங் சாலையில் முருங்கைக்காயும் வெற்றிலையும் கிடைக்கும். பொங்கல் நேரத்தில் கரும்பும் வந்து இறங்கும். பக்கத்துத் தெருவில் ஈழபதீஸ்வரர் ஆலயம். இந்தச் சாலை ஓரிடத்தில் லேசாக மேடேறி இறங்குகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பாலம் என்றே தெரியாது. பாலத்தின் ஓரமாக இறங்கினால் அடியில் ஒரு கால்வாய். கரையை ஒட்டி வரிசையாகப் படகுகள். ஒவ்வொன்றின் கூரையிலும் ஒரு குட்டைப் புகைபோக்கி. ஜனவரி மாதத்துக் காலையில் அந்தப் புகைபோக்கிகளில் எதெதில் புகை வருகிறது என்று பார்த்தாலே எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆம், அவை வீடுகள்தான். அவற்றில் ஒன்றில் என் அண்ணன் மகன் குடியிருக்கிறான். திருச்சியில் படித்து, லண்டனுக்கு வேலைக்கு வந்து, சம்பளத்தில் பாதியை வாடகைக்கே கொடுத்து அலுத்துப்போய்ப் படகு வாங்கியவன். 57 அடி நீளம். அகலம் 7 அடிக்கும் குறைவு. நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் ஏறக்குறையத் தொட்டுவிடும். 'நேரோபோட்' என்று இங்கே சொல்கிறார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய் வெட்டியவர்கள் செலவைக் குறைக்க நீர்க்கதவுகளை 7 அடி அகலத்துக்குக் கட்டினார்கள். படகும் அந்த அளவுக்கே அடங்கிப்போனது. வாடகை மிச்சம் என்று சொன்னவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "குளிருக்கு என்னடா பண்ற?" என்பதுதான்.

"வந்து பாருங்க சித்தப்பா. படகை நகர்த்துற நேரம் வந்தாச்சு. கூடவே வாங்க, கிங்ஸ் கிராஸ் வரைக்கும் போவோம்" என்றான்.

நகர்த்துவது அவன் விருப்பம் அல்ல, சட்டம். சொந்த நிறுத்தமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் கெனால் அண்டு ரிவர் டிரஸ்ட் இதைக் கணக்கு வைத்துக் கண்காணிக்கிறது. நிரந்தர இடம் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை அதிகம். அதனால் லண்டனில் ஆயிரக்கணக்கான படகுகள் இப்படி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நகர்கிற வீட்டுக்கு மின்கம்பியும் கிடையாது, கேஸ் குழாயும் கிடையாது. வெப்பத்துக்கு வேண்டியதை எல்லாம் கூடவே சுமந்து போக வேண்டும்.

லண்டன் குளிர் பனிமலைக் குளிர் அல்ல. ஜனவரியில்கூட ராத்திரி சராசரியாக 2, 3 டிகிரிக்குத்தான் இறங்கும். ஆனால் அது ஈரக் குளிர். மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். துணி காயாது, தரை காயாது. இந்த ஈரத்தின் நடுவே, தண்ணீரில் மிதக்கிற இரும்புப் பெட்டிக்குள் ஒருவன் குடியிருக்க வேண்டும்.

படகுக்குள் நுழைந்ததும் முன்பக்கம் ஓடு பதித்த மேடை. அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு. டென்மார்க்கில் 1853இல் தொடங்கிய மோர்சோ கம்பெனியின் தயாரிப்பு. பக்கவாட்டில் அணில் உருவம் வார்த்திருக்கிறது. லண்டன் படகுகளில் அடிக்கடி காணப்படும் அடுப்பு இது. சுமார் 5 கிலோவாட் வெப்பம் தரும்.

காலையில் எழுந்ததும் அவன் காபிக்குப் போகவில்லை, அடுப்புக்குத்தான் போனான். ராத்திரி படுக்கும்போது அடிக் காற்றுவாயை அநேகமாக மூடிவிடுவார்கள். உள்ளே கரி அணையாமல் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். அந்தக் காற்றுவாயைத் திறந்தான். ஒரு கம்பியை முன்னும் பின்னும் ஆட்டினான். சாம்பல் கீழ்த் தட்டில் உதிர்ந்தது. தட்டை இழுத்து, வெளியே வைத்திருந்த மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டினான். "சாம்பலை உள்ள வைக்கக் கூடாது. அதுக்குள்ள கங்கு இருக்கும், விஷவாயு வரும்" என்று சொல்லிக்கொண்டே முட்டை வடிவக் கரிக்கட்டிகளை நான்கைந்து உள்ளே போட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். பத்து நிமிடத்தில் அடுப்பின் தலையில் இருந்த சின்ன விசிறி தானாகச் சுழல ஆரம்பித்தது. அதற்கு பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. அடிப்பாகம் சூடு, மேல்பாகம் குளிர். அந்த வித்தியாசத்திலிருந்தே மின்சாரம் பிறந்து விசிறியைச் சுற்றுகிறது. சூடான காற்றை அது பின்னறைப் பக்கம் தள்ள வேண்டும்.

தள்ளுகிறதா என்பதற்குச் சாட்சி வேறு இரண்டு பொருள்கள். அடுப்பிலிருந்து ஒரு கை தள்ளி, தட்டில் ஓர் எவர்சில்வர் தூக்கு. அதில் இட்லி மாவு. "ஃப்ளாட்ல இருந்தப்போ டிசம்பர் வந்தா மாவு பொங்கவே பொங்காது. இங்க ஒரே ராத்திரில மூடியைத் தள்ளிக்கிட்டு வந்துரும்" என்றான். படகின் மறுகோடியில் படுக்கை அறை. அங்கே அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாக உறைந்து கிடந்தது. ஒரே கூரையின் கீழ், ஒரே நெருப்பை நம்பி, ஒரு முனையில் மாவு பொங்குகிறது, மறுமுனையில் எண்ணெய் உறைகிறது. நீளமான இரும்புப் பெட்டியைச் சூடாக்குவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

டீசல் எஞ்சினைக் கிளப்பினோம். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். நின்றிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதி. கரைப்பாதையில் நாயோடு நடக்கிறவர்கள் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆல்பர்டனுக்குக் கிழக்கே கால்வாய், வடக்கு வட்டச் சாலைக்கு மேலே தொட்டிப்பாலத்தில் ஏறிப் போகிறது. நாங்கள் மேலே தண்ணீரில். கீழே ஆறு வரிசையாக லாரிகளும் கார்களும்.

சுக்கான் பிடித்து நிற்பவனுக்குக் கூரை கிடையாது. விறைத்த கைகளோடு உள்ளே போனபோதுதான் ஜன்னல்களைப் பார்த்தேன். கண்ணாடி நெடுக நீர் வழிந்தது. ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்குமே, அதே கதை. நாம் விடும் மூச்சில் ஈரம், காய்ச்சும் பாலில் ஈரம், குக்கர் விசிலில் ஈரம். குளிர்ந்த இரும்பு எங்கே வெளியே தெரிகிறதோ அங்கே போய் அது நீராகிவிடுகிறது. இந்தப் படகின் அடித்தகடு 10 மில்லிமீட்டர் இரும்பு, பக்கம் 6, கூரை 4. இரும்புக்கும் சுவருக்குள் அடித்திருக்கும் பாலியூரிதேன் நுரைக்கும் வெப்பம் கடத்துவதில் ஏறக்குறைய 2,000 மடங்கு வித்தியாசம். நுரை சரியாக அடித்த இடமெல்லாம் கதகதப்பாக இருக்கிறது. விட்டுப்போன இடம், ஜன்னல் சட்டம், ஒரு திருகாணியின் தலைகூட, வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. பதிலுக்கு ஈரத்தை உள்ளே வாங்கி வைக்கிறது. மெத்தைக்கு அடியில் காற்று புகாவிட்டால் ஒரு மாதத்தில் பூஞ்சை கருக்கும். அவன் கட்டிலில் பலகை இல்லை, இடைவெளி விட்ட சட்டங்கள்தான்.

"கேஸ் ஹீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சா என்ன? சின்னதா, கைக்கு அடக்கமா வருதே?"

"அது தண்ணி ஊத்துற மாதிரி, சித்தப்பா."

அவன் சொன்னது கணக்கு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. புகைபோக்கி இல்லாத ஹீட்டர் அந்த நீரை முழுக்க அறைக்குள்ளேயே விடும். அறை சூடாகும், கூடவே சுவர் நனையும். அதனால் படகில் கேஸ் சமையலுக்கு மட்டும். அந்த சிலிண்டரும் சிவப்பு, அதாவது புரொப்பேன். நீல சிலிண்டரில் பியூட்டேன். அது 0 டிகிரியை ஒட்டி வாயுவாக மாறுவதை நிறுத்திவிடும். குளிர் அதிகம் உள்ள நாளில் அடுப்பே பற்றாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும்.

இன்னொரு வழி டீசல் ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் என்ற ஜெர்மன் பெயர்கள் முன்பே பிரபலம். இப்போது அதே அமைப்பில் விலை மலிவான சீனத் தயாரிப்புகள் குவிந்துவிட்டன. லாரி ஓட்டுநர்கள் ராத்திரி வண்டியிலேயே தூங்க வைத்துக்கொள்ளும் கருவிதான் இது. மூடிய அறைக்குள் டீசல் எரியும். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரும், புகையும் வெளியே போகும். உள்ளே வருவது சூடேறிய காற்று மட்டும். அதனால் ஈரம் சேராது. சரக்கு ஏற்றும் மூடிய ட்ரெய்லரை வீடாக்கி, குளிர்காலத்தில் காட்டுக்குள் முகாம் போடும் வட அமெரிக்கர்களுக்கும் இதுவே பெரிய துணை. மெத்த டீசலும் குடிக்காது. ஆனால் பற்றவைக்கவும் விசிறி சுற்றவும் பேட்டரி வேண்டும். கூரையில் உள்ள சோலார் பலகை ஜனவரியில் பெயருக்குத்தான். எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி ஏற்றலாம். ராத்திரி 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை அதற்கும் தடை. கடைசியில், மின்சாரமே கேட்காத பழைய இரும்பு அடுப்பு ஜெயித்துவிடுகிறது.

வழியில் எரிபொருள் படகு எதிரே வந்தது. முன்பக்கம் முழுக்க 25 கிலோ கரி மூட்டைகள். நடுவில் டீசல் பம்ப். பின்னால் சிவப்பு சிலிண்டர்கள். இரண்டு படகையும் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டே மூட்டைகளைக் கூரைக்கு மாற்றினார்கள். இந்தக் கால்வாய்களில் இன்றைக்கும் சரக்கு ஏற்றிச் செல்பவை என்றால் பெரும்பாலும் இந்தப் படகுகள்தான். முன்பு எல்லாப் படகுமே அப்படித்தான் இருந்தன.

நாங்கள் போய்க்கொண்டிருந்த பாடிங்டன் கிளை 1801இல் திறக்கப்பட்டது. மேற்கே சவுத்தாலுக்குப் பக்கத்தில் உள்ள புல்ஸ் பிரிட்ஜில் முதன்மைக் கால்வாயிலிருந்து பிரிகிறது. நிலக்கரி, செங்கல், வைக்கோல் எல்லாம் இதன் வழியே லண்டனுக்கு வந்தன. சுமார் 70 அடிப் படகில் 60 அடி சரக்குக்கு. மிச்சம் பின்னால் 10 அடிக்குள் ஒரு மர அறை, அதில் குடும்பம். ரயில் வந்து கூலி குறைந்ததும் கரையில் வீடு வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாமல் படகோட்டிகள் மனைவி பிள்ளைகளோடு இந்த அறைக்கே குடிவந்துவிட்டார்கள். கதவை ஒட்டி இடப்பக்கம் ஒரு சின்ன அடுப்பு. எதிரே பக்கப் பலகை. மடக்கினால் அலமாரி, விரித்தால் குறுக்குக் கட்டில். கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இந்தப் பிள்ளைகளின் நிலையை எழுதி எழுதியே 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். படகைக் குடியிருப்பாகப் பதிய வேண்டும், தலைக்கு இவ்வளவு காற்றிடம் இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

நெருக்கடி கொடுமைதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த அறை குளிரவில்லை. ஒரு கையளவு கரியில் 10 அடி அறை கொதித்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது ஆள் பற்றாக்குறையால் புல்ஸ் பிரிட்ஜிலிருந்து சரக்குப் படகு ஓட்டப் பயிற்சி பெற்ற பெண்கள், பர்மிங்ஹாம் போய்விட்டு கோவென்ட்ரிப் பக்கத்து நிலக்கரியோடு லண்டன் திரும்பியபோது இத்தகைய அறைகளில்தான் படுத்தார்கள். அவர்களை நடுக்கியது வெளியே நின்று சுக்கான் பிடிக்கும் பகல்.

பிறகு வந்தது 1962–63 குளிர்காலம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழ ஆரம்பித்த பனி மார்ச் வரை நகரவில்லை. கால்வாய்கள் உறைந்து படகுகள் வாரக்கணக்கில் சிக்கின. ஊருக்குக் கணப்பு கொண்டுவர வேண்டிய நிலக்கரி பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் லாரிக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. அந்த ஆண்டே, கால்வாய்களை நடத்திய அரசு வாரியம் தன் நேரோபோட் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டது. ஆதர்ஸ்டோன் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து சவுத்தால் ஜாம் ஆலைக்கு நிலக்கரி கொண்டுவந்த படகுகள் மட்டும் 1970 அக்டோபர் வரை தாக்குப்பிடித்தன. அத்தோடு நீண்ட தூர நிலக்கரி ஒப்பந்தம் முடிந்தது.

சரக்கு இறங்கிய இடத்தில் மனிதர்கள் ஏறினார்கள். 60 அடிக் கிடங்குக்குக் கூரை போட்டு, ஜன்னல் வைத்து, சமையலறையும் படுக்கையறையும் அமைத்தார்கள். பின்னால் புதிதாகக் கட்டிய படகுகளும் அதே அளவில் வீடாகவே கட்டப்பட்டன. அடுப்பு மட்டும் ஏறக்குறைய அதே அளவில் நின்றுவிட்டது. 10 அடிக்குப் போதுமான நெருப்பிடம் இப்போது 50 அடியைக் கேட்கிறோம். உறைந்த தேங்காய் எண்ணெய் இந்த மாற்றத்தின் விளைவு. சரக்கு ட்ரெய்லரானாலும் படகானாலும் விஷயம் ஒன்றுதான்: சாமான் வைக்கக் கட்டிய பெட்டி குளிரைப் பற்றிக் கவலைப்படாது, மனிதன் அதற்குள் போனதும் ஒவ்வோர் அடியையும் சூடாக்கும் கடன் அவன் தலையில் விழுகிறது. அண்ணன் மகன் அதற்கு ஒரு பழைய தீர்வையே வைத்திருக்கிறான். கடும் குளிர் நாளில் நடுவே கனத்த திரையை இழுத்துவிட்டு, படுக்கையை அடுப்புப் பக்கம் கொண்டுவந்து, தன் வீட்டைத் தானே 15 அடியாகச் சுருக்கிக்கொள்கிறான்.

கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தின் சுவரை ஒட்டிப் போய், லிட்டில் வெனிஸ் என்ற அழகான நீர்ச்சந்திப்பைக் கடந்து, மெய்டா ஹில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தோம். லிட்டில் வெனிஸிலிருந்தே ரீஜன்ட்ஸ் கால்வாய் தொடங்கிவிடுகிறது. 1820இல் லைம்ஹவுஸ் வரை வெட்டி முடித்தது. ரீஜன்ட்ஸ் பூங்காவின் வடகரையில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம். ஊர் வைத்த பெயர் 'வெடித்த பாலம்'.

1874 அக்டோபர் 2, விடியற்காலை. நீராவி இழுவைப் படகின் பின்னால் வரிசையாகச் சரக்குப் படகுகள். அவற்றில் ஒன்று 'டில்பரி'. சர்க்கரையோடும் கொட்டைகளோடும் பெட்ரோலியமும் சுமார் 5 டன் வெடிமருந்தும் அதில் இருந்தன. இந்தப் பாலத்தடியில் வந்தபோது வெடித்தது. படகில் இருந்த மூவரும் இறந்தார்கள், பாலம் தரைமட்டமானது. விசாரணையில் தெரிந்தது: பெட்ரோலிய ஆவி சரக்குப் பகுதியிலிருந்து கசிந்து படகோட்டிகளின் அறைக்குள் போயிருக்கிறது, அங்கே எரிந்த நெருப்பு அதைப் பற்றவைத்திருக்கிறது. குளிருக்கோ வெளிச்சத்துக்கோ ஏற்றிய சின்னத் தீ. அடுத்த ஆண்டே வெடிபொருள் சட்டம் வந்தது. பாலத்தைத் திரும்பக் கட்டியபோது பழைய இரும்புத் தூண்களையே திசை மாற்றி நிறுத்தினார்கள். குதிரைகள் இழுத்த கயிறு உரசி உண்டான தடங்கள் அதனால் தூணின் இரண்டு பக்கமும் தெரிகின்றன. படகிலிருந்து கை நீட்டினால் தொட முடியாத தூரத்தில், விரல் புதையும் ஆழத்துக்கு அந்தப் பள்ளங்கள்.

இன்று ஆபத்து வெடிமருந்து அல்ல, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு. காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பும் அதை உண்டாக்கும். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம். தூங்கிக்கொண்டிருப்பவனுக்கு அதுவும் தெரியாது. புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டரும் குழாய் சரியாக இருக்கும்வரைதான் நல்லது. 2019 டிசம்பரில் யார்க் நகரில் கட்டியிருந்த ஒரு படகில் ஹீட்டரின் புகைக்குழாய் கழன்று இரண்டு பேர் இறந்தார்கள். அதில் எச்சரிக்கை அலாரம் இல்லை. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல், தங்கும் அறையுள்ள படகுகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் இந்த அலாரம் கட்டாயம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து பார்ப்பார். கூரையில் குடை போல் நிற்கும் காற்றுத்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்பதையும் பார்ப்பார்.

அன்று ராத்திரி படுக்கும் முன் அவன் அலாரத்தின் பொத்தானை அழுத்தினான். காதைக் கிழிக்கிற சத்தம்.

"அந்த மேல் துளை வழியா காத்து சில்லுனு வருதேடா?"

"வரட்டும், சித்தப்பா. அது வந்தாத்தான் காலைல நீங்க எந்திரிப்பீங்க. இன்னொரு போர்வை தர்றேன், அதை மட்டும் அடைச்சிறாதீங்க."

போர்வை வாங்கிக்கொண்டேன். துளைக்குக் கீழே காற்று சில்லென்று இறங்கியது, அறை உலர்ந்திருந்தது. சூட்டைப் பிடித்து வைப்பது பாதி வேலை. காற்றைப் போக விடுவது மீதிப் பாதி. இறுக மூடிய பெட்டி கதகதப்பாகவும் இருக்கலாம், கல்லறையாகவும் ஆகலாம். இந்தக் கால்வாயில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும், படித்தவர் படிக்காதவர் என்றில்லாமல், இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காம்டனில் நீர்க்கதவுகள் தொடங்கின. கனத்த மரக்கைகளை முதுகால் தள்ளித் திறக்கிற வேலையில் குளிர் மறந்துபோனது. இறங்கி இறங்கி செயின்ட் பேங்க்ராஸ் வந்தால் கரையில் 'கோல் டிராப்ஸ் யார்டு'. வடக்கிலிருந்து ரயிலில் வந்த நிலக்கரியை மேலிருந்து கீழே கொட்டி வண்டிகளில் ஏற்ற, 1850களில் எழுந்த கட்டடங்கள். 2018இல் இருந்து அது ஆடம்பரக் கடைவீதி. பக்கத்தில் நிலக்கரி வாயு சேமித்த ராட்சத இரும்பு வளையங்களுக்குள் அடுக்குமாடி வீடுகள். லண்டனுக்குச் சூடு கொடுத்த இடமெல்லாம் இன்று புகையில்லாமல் பளபளக்கிறது. அதன் ஓரத்தில் கரி மூட்டை சுமந்த எங்கள் படகு.

இங்கேதான் தகராறு. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து ஐந்து நாள் லண்டனை மூடியதில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து வீடுகளின் புகையை அடக்கியது. படகுகள் நெடுங்காலம் அதற்கு வெளியே இருந்தன. 2021 மே முதல் இங்கிலாந்தில் பழைய வீட்டு நிலக்கரியை மூட்டையில் விற்கத் தடை. சிறிய அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதே ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம், விரும்பினால் புகைக்கட்டுப்பாட்டைக் கட்டி நிற்கும் படகுகளுக்கும் நீட்டிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. கரையோர வீட்டுக்காரர்கள் ஜன்னலில் புகை வருகிறது என்கிறார்கள், அது உண்மை. படகுக்காரர்கள் வேறு வழி காட்டுங்கள் என்கிறார்கள், அதுவும் நியாயம். இஸ்லிங்டன் பகுதியில் கரையில் மின் இணைப்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அங்கே கட்டினால் கரி வேண்டாம், எஞ்சின் வேண்டாம். ஆனால் இடம் கொஞ்சம், படகு ஏராளம். புகைக்கு அபராதம் போடுவது ஒரு கையெழுத்தில் முடியும், கம்பம் நடுவதற்குத்தான் பணமும் ஆண்டுகளும் வேண்டும். கம்பம் முதலில், அபராதம் பிறகு என்பதுதான் முறை என்று எனக்குப் படுகிறது.

கிங்ஸ் கிராஸ் அருகே பேட்டில்பிரிட்ஜ் நீர்த்துறையில் படகைக் கட்டிவிட்டு, கரையேறி லண்டன் கால்வாய் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1860களில் கார்லோ காட்டி என்ற சுவிஸ் நாட்டுக்காரர் கட்டிய கிடங்கு அது. அவர் அங்கே சேமித்தது பனிக்கட்டி! நார்வே ஏரிகளில் வெட்டிய கட்டிகள் கப்பலில் லைம்ஹவுஸ் வந்து, இதே கால்வாய் வழியே படகில் ஏறி, தரைக்கு அடியில் உள்ள ஆழக் கிணறுகளில் இறங்கி, கோடைவரை காத்திருந்தன. மேலிருந்து எட்டிப் பார்த்தால் இப்போதும் அந்தச் செங்கல் கிணறு தெரிகிறது. சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் கட்டிய ஐஸ் ஹவுஸ். மரத்தூளில் பொதிந்து அனுப்பிய கட்டி பாதி உலகம் சுற்றி மெட்ராஸ் வெயிலுக்கு வந்து சேர்ந்தது. பனியைக் காத்த மரத்தூளும் படகின் சுவருக்குள் இருக்கும் நுரையும் செய்வது ஒரே வேலை. உள்ளே இருப்பது சூடா குளிரா என்பது அவற்றுக்குத் தெரியாது. அசையாத காற்றைச் சிறைபிடித்து வெப்பம் இடம் மாறாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

வெயிலை வெளியே நிறுத்தத் தெரிந்த நமக்குச் சூட்டை உள்ளே நிறுத்தும் பழக்கம் இல்லை. தேவையும் அதிகம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. டிசம்பர் வந்தால் கொடைக்கானலும் ஊட்டியும் கூடாரங்களாலும் வேன்களாலும் நிரம்புகின்றன. இளைஞர்கள் கோழி வாட்டிய கரியடுப்பை, 'ராத்திரிக்குக் கதகதப்பாக இருக்கட்டும்' என்று அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எடுத்துவைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். மறுநாள் அவர்கள் எழுந்திருக்காத செய்தியை நம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். அந்தச் சாவுகளுக்குக் குளிர் காரணம் அல்ல. கொடைக்கானல் குளிரில் இரண்டு கம்பளியும் தரைக்கு ஒரு நுரை விரிப்பும் போதும்.

லண்டன் கால்வாய்க்காரர்களிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது இரும்பு அடுப்பை அல்ல, ஒழுங்கை. கரியடுப்பும் அதன் சாம்பலும் வாசலுக்கு வெளியே. சூடாக்கும் இடம் சிறியது, காற்றுத்துளை எப்போதும் திறந்தது. நெருப்பு எரிகிற எந்தத் தங்குமிடத்திலும் ஓர் அலாரம். மலையூர்களில் கூடாரம் அடிக்கவும் அறை விடவும் அனுமதி கொடுக்கிற அலுவலகங்கள் அந்த அனுமதித் தாளிலேயே இதை நிபந்தனையாக எழுதிவிடலாம். படகுகளுக்கு அதை எழுதிவைக்க இங்கிலாந்துக்கு 2019 வரை ஆனது. நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.